வானத்து முகிலைப் படம்பிடித்தோர்

தை மாதத்து இரவு ஒன்பதரை மணி, பத்து மணி அளவில் தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, மூன்று விண்மீன்கள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நிற்பது தெரியும். மேலைநாட்டார் அம்மூன்றையும் ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சு என்பர். நம் நாட்டுப் பழைய வேத மரபோ, மானுருவம் கொண்டு ஓடிய பிரஜாபதியின்மீது எய்யப்பட்ட மூன்று கணுக்களையுடைய அம்பு என்று அவற்றைச் சொல்லும். நாம் நன்கறிந்த திருவாதிரையும் மிருகசீரிடமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. இடைக்கச்சுக்குச் சற்றுக் கீழே, செங்குத்தாகத் தொங்கும் சிறு வாள்போல வேறு சில மங்கலான மீன்கள் உண்டு. அவற்றுள் நடுவே உள்ளது மட்டும் கூர்மையான புள்ளியாக இராமல், கண்ணாடியின்மேல் மூச்சுப் பட்டாற்போலக் கலங்கித் தோன்றும். அதுவே ஓரியன் நெபுலா.

நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி, முகில் என்று பொருள். இம்முகில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மாமல்லையில் பல்லவர் கடற்கரைக் கோயிலை எழுப்பிய காலத்தையொட்டி அங்கிருந்து புறப்பட்ட ஒளியே இன்றிரவு நம் கண்ணை வந்தடைகிறது. ஹைட்ரஜன் முதலிய வாயுக்களும் தூசியும் தம் சொந்த ஈர்ப்பினாலேயே திரண்டு, இறுகி, சூடேறிப் புதிய விண்மீன்களாக உருவெடுக்கும் இடம் அது. அங்குள்ள மீன்கள் பலவற்றின் வயது சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேற்படாது. நம் சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்பதை நினைத்தால், அவை தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் எனலாம். முகிலின் நடுவே நான்கு மீன்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒளிமிக்க ஒன்று வீசும் புற ஊதாக் கதிர்களே சுற்றியுள்ள வாயுவை ஒளிரச் செய்கின்றன.

இந்த முகிலைக் கருவிகொண்டு கண்டவர்களுள் முதல்வர் பிரான்ஸ் நாட்டுப் பெய்ரெஸ்க், ஆண்டு 1610. ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் 1656-இல் அதைக் கண்டு வரைந்த படம் 1659-இல் அச்சேறிற்று. பாரிஸ் நகரத்து மெஸ்ஸியே 1769-இல் தம் பட்டியலில் அதற்கு 42 என்ற எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணே இன்றளவும் வழங்குகிறது. அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, நல்ல தொலைநோக்கி வைத்திருந்த வானியலார் ஒவ்வொருவரும் அதை வரைந்து பார்த்தனர். ஜான் ஹெர்ஷல் முதலில் இங்கிலாந்திலிருந்தும், பின்னர் 1830-களில் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று அங்கிருந்தும் வரைந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் பாண்ட் என்பவர் பல ஆண்டுகள் இதற்கென்றே உழைத்து, காசநோய்க்கு இரையாகி 1865-இல் மறைந்தார். அவர் வரைந்த படம் அவருக்குப் பின்னரே வெளிவந்தது.

இத்தனை படங்களையும் அருகருகே வைத்தபோது ஓர் இடர்ப்பாடு தலைகாட்டிற்று. ஒன்று மற்றொன்றைப்போல் இல்லை. ஒருவர் வளைவு கண்ட இடத்தில் மற்றவர் கீற்றுக் கண்டார். ஒருவர் இருள் என்று விட்ட இடத்தில் மற்றவர் மங்கலான ஒளியைத் தீட்டினார். இதனின்று ஒரு வினா எழுந்தது: மாறியது முகிலா, வரைந்தவர் கையா? ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்தைச் சேர்ந்த ஆட்டோ ஸ்ட்ரூவே போன்றோர் முகிலே மாறுகிறது என்று வாதிட்டனர். மற்றும் பலர் அதை மறுத்தனர். எட்வர்டு ஹோல்டன் என்னும் அமெரிக்கர் அதுவரை வந்த படங்களையெல்லாம் திரட்டி 1882-இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். படங்கள் பெருகினவேயன்றி வழக்குத் தீரவில்லை.

வினா அற்பமானதன்று. விண்மீன்கள் முகிலிலிருந்து பிறப்பது மெய்யானால், அந்த முகில் என்றேனும் ஒரு நாள் சிறிதாவது மாறியாக வேண்டுமல்லவா? அக்காலத்தில் அது முகில்தானா என்பதிலேயே ஐயம் இருந்தது. அயர்லாந்தில் ரோஸ் பிரபு 1845-இல் 72 அங்குல ஆடியுடைய மாபெரும் தொலைநோக்கியை நிறுவி, ஓரியன் நெபுலாவும் நுண்ணிய மீன்களின் கூட்டமே என்று நம்பினார். பெரிய கருவியாயிற்றே, மறுப்பார் யார்? வில்லியம் ஹக்கின்ஸ் 1864-இல் வேறொரு நெபுலாவின் ஒளியையும், அடுத்து ஓரியன் நெபுலாவின் ஒளியையும் நிறமாலை காட்டியில் செலுத்திப் பார்த்து, அது மீன்களின் ஒளியன்று, ஒளிரும் வாயுவின் ஒளியே என்று காட்டினார். உலகிலேயே பெரிய தொலைநோக்கியும் அதன் பின்னால் இருந்த கண்ணும் சேர்ந்தே ஏமாந்திருந்தன. இனிக் கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது பலருக்கும் உறைத்தது.

ஈண்டு ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது கூற வேண்டும். இக்கதையின் அடுத்த கட்டத்தை நடத்தியவர்கள் ஊதியம் பெற்ற வானியலார் அல்லர். ஆங்கிலத்தில் அமெச்சூர் என்று கூறப்படுவோர். மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் நமக்கு இச்சொல் எப்போதும் தொல்லை தருவது. ‘தொழில்முறை சாராதவர்’ என்றால் சுங்க இலாகாப் படிவத்தின் வாசனை அடிக்கிறது. ‘பொழுதுபோக்காளர்’ என்றால் ஏளனம் தொனிக்கிறது. மூலச்சொல்லின் வேர் அன்பு என்னும் பொருளுடையது. அன்புடையோரைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட ‘ஆர்வலர்’ என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்க, வேறு தேடுவானேன்? இக்கட்டுரையில் ஆர்வலர் என்றே வழங்குவோம்.

முதல் ஆர்வலர் நியூயார்க் நகரத்து மருத்துவர் ஹென்றி டிரேப்பர். அவர் தந்தை ஜான் வில்லியம் டிரேப்பர், போட்டோக் கலை பிறந்த சூட்டோடு, 1840-இல் சந்திரனைப் படம் பிடித்தவர். மகனோ மருத்துவப் படிப்பு முடிந்த கையோடு அயர்லாந்து சென்று ரோஸ் பிரபுவின் பெருங்கருவியைக் கண்டுவந்தார். அன்று பற்றிய ஆசை அவரை விடவில்லை. பகலெல்லாம் பல்கலைக் கழகத்தில் வேதியியலும் உடலியலும் போதித்து, இரவில் ஹட்சன் நதிக்கரையில் தந்தையின் நிலத்தில் தாமே கட்டிய வானாய்வகத்தில் கழித்தார். 1867-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் கடைக்குப் போய்த் தொலைநோக்கியின் ஆடிக்கு ஏற்ற கண்ணாடி வட்டைத் தேர்ந்தெடுத்ததையே தங்கள் கல்யாண யாத்திரை என்று சொல்லிக்கொண்டார்களாம். மனைவி ஆன்னா டிரேப்பர் தகடுகளுக்கு மருந்து பூசுவதிலிருந்து யாவற்றிலும் கணவருக்கு வலக்கையாக நின்றார்.

தகட்டுக்கு மருந்து பூசுவது என்றோமே, அதிலேதான் முட்டுக்கட்டை இருந்தது. 1851 முதல் வழங்கிய முறையில் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைத் தடவி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் உலரும் முன்பே படம் பிடித்துக் கழுவியாக வேண்டும். ஈரம் தாங்குவது பத்துப் பதினைந்து நிமிஷமே. சந்திரனுக்கும் சூரியனுக்கும் அது போதும். முகிலின் ஒளியோ அத்தனை மங்கல்; பத்து நிமிஷத்தில் தகட்டில் ஒரு சுவடும் பதியாது. 1871-இல் ரிச்சர்டு மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழி கண்டார். அது செம்மைப்பட்டுக் கடைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. 1879-இல் இங்கிலாந்து சென்ற டிரேப்பர், உலர்தகட்டின் ஆற்றலை ஹக்கின்ஸ் வாயிலாக அறிந்து திரும்பினார். மணிக்கணக்காக ஒளியை வாங்கிச் சேமிக்கும் தகடு கைக்கு வந்துவிட்டது. நம் கண் ஒரு வினாடியில் சிறு பங்கு நேரம் வாங்கிய ஒளியைக் கொண்டே காட்சியை முடித்துவிடும். அரை மணி உற்றுப் பார்த்தாலும் மங்கலானது மங்கலாகவே இருக்கும். தகடோ எறும்பு தானியம் சேர்ப்பதுபோல் விடாமல் சேர்த்துக்கொண்டே போகும்.

1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30. 11 அங்குல விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கியில் தகட்டைப் பொருத்தி, ஏறக்குறைய 50 நிமிஷம் ஒளி வாங்கி, டிரேப்பர் ஓரியன் நெபுலாவின் முதற்புகைப்படத்தை எடுத்தார். முகிலின் நடுப்பகுதி ஓர் ஒளித்திட்டாக விழுந்தது. அழகு என்று சொல்ல அதில் ஏதுமில்லை; மீன்கள்கூடச் சற்றே நீண்டு பதிந்திருந்தன. ஆயினும் மனிதக் கை குறுக்கிடாமல் ஒரு நெபுலா தானே தன்னை எழுதிக்கொண்டது அதுவே முதல் தடவை. 1882 மார்ச் 14-இல் 137 நிமிஷம் ஒளி வாங்கி எடுத்த படம் எவ்வளவோ மேம்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், மலைநாட்டு வேட்டைப் பயணத்தில் குளிரில் வாடித் திரும்பிய டிரேப்பர் நோயுற்று 45-ஆம் வயதில் மறைந்தார். ஆன்னா அம்மையார் கணவர் பெயரால் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அளித்த பொருளே, பின்னர் இரண்டே கால் லட்சம் மீன்களின் நிறமாலைப் பட்டியலாக விரிந்தது.

அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆன்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்றொருவர் இருந்தார். வீடுகளுக்குக் குழாய், கழிவுநீர் வசதி செய்து தரும் நிறுவனத்தில் என்ஜினீயர். வீட்டுத் தோட்டத்தில் அவர் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் ஆடி 36 அங்குலம். அதைச் செய்து கொடுத்தவர் கால்வர் என்னும் ஆடித் தொழிலாளர். அதைத் தாங்கும் பொறியைத் திட்டமிட்டவர் காமன். பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் திரும்பினாலொழிய மீன் புள்ளியாகப் பதியாது, கோடாக இழுபட்டுப் போகும். எவ்வளவு இழுபடும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். காமனின் ஆடிக்குக் குவியத் தூரம் ஏறத்தாழ 17½ அடி. கடிகாரப் பொறி ஒரே ஒரு வினாடி நின்றால், தகட்டில் மீன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகிவிடும். பல அந்தர் எடையுள்ள இரும்பையும் கண்ணாடியையும், முடி பிசகாமல், ஒரு மணி நேரம் திருப்ப வேண்டும்! உராய்வைக் குறைப்பதற்காகச் சுழல் அச்சைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார் அந்தக் குழாய் என்ஜினீயர். ஆய்வகத்துப் பண்டிதருக்கு இந்த யோசனை உதித்திருக்குமோ என்னவோ; நீரும் தொட்டியும் வால்வுமாக வாழ்ந்தவருக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும்.

முதல் முயற்சிகளில் பலன் கிட்டவில்லை. 1883 ஜனவரி 30-ஆம் நாள் இரவு 37 நிமிஷம் ஒளி வாங்கிய தகட்டைக் கழுவியபோது, முகிலின் சிறகுகளும் மடிப்புகளும் இருண்ட வாய்க்கால்களும் தெளிவாகத் தெரிந்தன. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அதே தொலைநோக்கியில் கண்ணால் பார்க்கும்போது தென்படாத மீன்கள் அத்தகட்டில் பதிந்திருந்தன. புகைப்படம் கண்ணுக்கு உதவியாள் என்ற நிலை மாறி, கண்ணைக் கடந்து சென்ற இரவு அது. ராயல் வானியற் கழகம் 1884-இல் காமனுக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. அவரது தொலைநோக்கி பின்னர்க் கிராஸ்லி என்னும் செல்வரிடம் கைமாறி, 1895-இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சென்றடைந்தது. அங்கே அதைக்கொண்டு கீலர் எடுத்த நெபுலாப் படங்கள் புகழ்பெற்றவை.

ஆனால் நெபுலாவின் படத்தைக் கண்டதும் கையோவியக்காரரை நகைப்பது நியாயமன்று என்றே நாம் கருதுகிறோம். தகட்டிலும் ஒரு குறை உண்டு. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி பேரொளி. ஓரங்கள் மிக மங்கல். ஓரம் பதியுமளவு காத்திருந்தால் நடுப்பகுதி வெளுத்துப்போய், நான்கு மீன்களும் அதற்குள் மூழ்கிவிடும். நடுப்பகுதிக்கு ஏற்ப நிறுத்தினால் ஓரம் பதியாது. கண்ணோ இரண்டையும் ஒருசேரக் காணும். பாண்ட் வரைந்த படத்தில் நான்கு மீன்களும் தம் இடத்தில் இருந்தன. ஆரம்பகாலப் புகைப்படங்கள் பலவற்றில் அவ்விடம் ஒரு வெள்ளைத் திட்டு. ஒருவகையில் பார்த்தால், பொய்யின் இடம் மாறிற்று என்று சொல்ல வேண்டும்.

இக்காலத்தில் நம் நாட்டிலும் ஒருவர் இந்த முகிலின் ஒளியை ஆராய்ந்து கொண்டிருந்தார். பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜியின் நன்கொடையால் புணேயில் விஞ்ஞானக் கல்லூரியைச் சார்ந்து 1888-இல் ஒரு வானாய்வகம் அமைந்தது. அதை நடத்தியவர் காவஸ்ஜி தாதாபாய் நெய்கம்வாலா என்னும் பார்சிப் பேராசிரியர். ஓரியன் நெபுலாவின் நிறமாலையில் முதன்மையாகத் தெரியும் பச்சைக் கோடு எந்தப் பொருளால் உண்டாகிறது என்பதுபற்றி அப்போது இங்கிலாந்தில் லாக்கியருக்கும் ஹக்கின்ஸுக்கும் கடும் விவாதம். கோடு கூர்மையானதே என்று தம் கருவியில் கண்டதை நெய்கம்வாலா 1891-இல் எழுதி வெளியிட்டார்; லாக்கியரின் கொள்கைக்கு அது ஒத்துவராத முடிவு. மண்ணுலகில் இல்லாத ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமம் என்றுகூட அந்தக் கோட்டுக்கு விளக்கம் கூறிப் பார்த்தார்கள். அது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நம் பிராணவாயுவே என்று அமெரிக்கர் போவன் 1927-இல் கண்டுபிடித்துச் சொன்னார். நெய்கம்வாலா ஓய்வு பெற்ற 1912-இல் புணே வானாய்வகம் மூடப்பட்டு, கருவிகள் கோடைக்கானலுக்கு அனுப்பப்பட்டன.

கலைக்கூடத்துக் காமிராவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. எட்வர்டு பார்னார்டு என்னும் ஏழைச் சிறுவன், ஒன்பது வயதிலேயே நாஷ்வில் நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கூரைமேல் இருந்த பெரிய உருப்பெருக்கிக் காமிராவைச் சூரியன் நகர நகரக் கையால் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் வேலை. வளர்ந்து வானியலாரான பார்னார்டு லிக் வானாய்வகத்தில், உருவப்படம் எடுக்கும் பழைய 6 அங்குலக் காமிரா வில்லை ஒன்றைக் கொண்டே பால்வீதியைப் படம்பிடித்துப் பெயர் பெற்றார். பெருந்தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு துண்டையே காட்டும். சாதாரண வில்லை அகன்ற வெளியை அள்ளிக் காட்டும். ஓரியன் கூட்டம் முழுவதையும் அணைத்தாற்போல் வளைந்து கிடக்கும் பெரிய வாயு வளையத்துக்கு இன்று பார்னார்டு வளையம் என்று பெயர்.

அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் பெரிய வானாய்வகங்களின் ஆட்சி. அவற்றை நாம் விரைந்து கடந்துவிடலாம். ஆடிகள் 100 அங்குலமாயின, 200 அங்குலமாயின. பலோமர் மலையில் மில்லர் எடுத்த வண்ணப்படங்கள் 1959-இல் பத்திரிகைகளில் வெளிவந்தபோதுதான் ஓரியன் நெபுலாவின் செந்நிறத்தைப் பொதுமக்கள் முதன்முதல் கண்டனர். ஹைட்ரஜன் வீசும் சிவப்பு அது. தொலைநோக்கியில் கண்ணால் பார்ப்போர்க்கு அந்தச் சிவப்புத் தெரிவதில்லை. மங்கிய ஒளியில் கண் பச்சையைத்தான் உணரும், முன்சொன்ன பிராணவாயுவின் பச்சையை. ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் இருட்டறை நுணுக்கங்களால் நடுப்பகுதியின் வெளுப்பை அடக்கி, ஓரத்தின் மங்கலையும் ஒருங்கே காட்டினார். ஆர்வலர்கள் பிலிமோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். நீண்ட நேரம் ஒளி வாங்கும்போது பிலிமின் உணர்ச்சி வரவரக் குன்றும் என்பதால், இரண்டு மணி நேரத் தவத்துக்கு அரை மணிக்குரிய வரமே கிடைத்தது.

நிலைமையைப் புரட்டியது மின்னணுத் தகடு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் பாயிலும் ஸ்மித்தும் கண்ட அந்தச் சில்லு, 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அதன் வழிவந்ததும் அதன் இனத்ததுமான சில்லுகளே இன்று கடைகளில் விற்கும் காமிராக்களில் உள்ளன. இன்று ஓர் ஆர்வலருக்கு வேண்டுவது டிஜிட்டல் காமிரா ஒன்று, 135 அல்லது 200 மில்லிமீட்டர் வில்லை ஒன்று, உறுதியான முக்காலி, அதன்மேல் வானத்தோடு திரும்பும் சிறு மோட்டார்ப் பீடம். 200 மில்லிமீட்டர் வில்லையில் ஒரு வினாடிக்கு மீன் நகர்வது மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்கு. காமனின் கருவியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சலுகை என்பது விளங்கும். மோட்டார் இன்றி ஓரிரு வினாடிப் படங்களாக எடுத்தாலும் முகில் பதியத்தான் செய்கிறது.

டிரேப்பரைப்போல் ஒரே மூச்சில் 137 நிமிஷம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நிமிஷப் படங்களாக நூறு எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறார்கள். நூறு படங்களிலும் முகில் ஒரே இடத்தில் இருக்கும். சில்லு எழுப்பும் வீண் புள்ளிகளோ ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் சிதறும். அதனால் நூறு படம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வில்லையை மூடிவைத்துச் சில இருட்படங்களும் எடுத்துக்கொள்வர். சில்லின் வெப்பத்தால் விளையும் கறைகளைக் கழிக்க அவை உதவும். நடுப்பகுதி வெளுக்காமல் இருக்க இரண்டு வினாடி, பத்து வினாடிப் படங்களைத் தனியே எடுத்து, பின்னர் இணைப்பர். கடைக் காமிராவில் சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று சில்லின்முன் உண்டு. ஹைட்ரஜனின் செந்நிறம் முழுமையாக வேண்டுவோர் அதைக் கழற்றிவிடச் செய்கின்றனர்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு மட்டும் பயன்படும் செய்தி ஒன்று. மோட்டார்ப் பீடத்தின் அச்சு வட துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். துருவ மீனின் உயரம் அந்தந்த ஊரின் அட்சாம்சத்துக்குச் சமம். சென்னையில் அது அடிவானத்துக்கு மேல் 13 பாகையில், கட்டடங்களின் மறைவில் கிடக்கும். டில்லியில் 28½ பாகை, ஸ்ரீநகரில் 34. சென்னையில் பீடத்தைச் சரிசெய்து கொண்டவர் மாற்றலாகி டில்லிக்கு வந்தால், முதல் வேலையாக அச்சின் சாய்வை உயர்த்த வேண்டும். வடக்கே துருவ மீன் ஏறிய அளவுக்குத் தெற்கே வேடன் இறங்குவான். கன்னியாகுமரியில் இந்த முகில் உச்சிக்கு வரும்போது 76 பாகை உயரம். டில்லியில் 56 தான். கரோல்பாக் மொட்டைமாடியில் நின்று பார்க்கும்போது திருவாதிரை ஊரில் இருந்ததைவிடத் தாழ்ந்திருக்கிறதே என்று யாருக்கேனும் தோன்றியிருந்தால், அது வீட்டு நினைவால் விளைந்த பிரமையன்று, கணக்கு அப்படித்தான்.

பெருநகர்களின் விளக்கொளியும், டில்லியில் தை மாதத்துப் புகைப்பனியும், பம்பாயில் கடற்காற்றின் ஈரமும் பெரிய பகைகள். ஆயினும் ஓரியன் நெபுலா நெபுலாக்களுள் ஒளிமிக்கது; மாதுங்காவின் மாடியிலிருந்தும் அதன் நடுப்பகுதியைப் படமாக்க முடியும். சிறகுகள் வேண்டுமானால் ஊருக்கு வெளியே போகத்தான் வேண்டும். லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தை 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே வானாய்வகம் இருப்பது 4,500 மீட்டர் உயரத்தில். போகிறவர் மூச்சுத் திணறலுக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும்.

முகில் மாறுகிறதா என்ற பழைய வழக்கைப் பாதியில் விட்டுவிட்டோம். ஓரியன் நெபுலாவின் பெருவடிவம் மனித ஆயுளில் நம் கண்ணுக்குத் தெரியும்படி மாறவில்லை என்பது நூற்றைம்பது ஆண்டுப் படங்களால் உறுதிப்பட்டது. அந்த அளவில் ஸ்ட்ரூவே தோற்றார். ஆனால் அதே ஓரியன் கூட்டத்தில், மெஸ்ஸியே பட்டியலில் 78 என்ற எண் பெற்ற வேறொரு நெபுலாவின் அருகே, 2004-ஆம் ஆண்டு ஒரு விந்தை நேர்ந்தது. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து ஆர்வலர் ஜே மக்னீல், ஜனவரி 23-ஆம் நாள் தம் வீட்டுக் கொல்லையிலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கியில் படமெடுத்தார். படத்தைச் சீர்செய்தபோது, எந்தப் பழைய படத்திலும் காணாத ஒரு சிறு முகில் அதில் தெரிந்தது. பெரிய வானாய்வகங்கள் உடனே தம் ஆடிகளை அப்பக்கம் திருப்பின. தூசிப் போர்வைக்குள் உருவாகிக்கொண்டிருந்த ஓர் இளம் மீன், தன்மேல் வாயு மிகுதியாக வந்து விழுந்ததால் திடீரெனப் பிரகாசித்து, பக்கத்துத் தூசியை ஒளியேற்றியிருந்தது.

பழைய படங்களைத் துருவியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. 1966 அக்டோபரில் கிரெய்மர் என்னும் மற்றோர் அமெரிக்க ஆர்வலர் எடுத்து, பின்னர்ப் புத்தகமாகவும் வெளிவந்த படத்தில் அதே முகில் இருந்திருக்கிறது. ஆண்டுக்கணக்காக எத்தனையோ பேர் புரட்டிய பக்கம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மக்னீல் நெபுலா எனப் பெயர் பெற்ற அம்முகில் 2006-க்குள் மங்கிற்று. 2008-இல் மறுபடி ஒளிர்ந்தது. 2018-க்குள் மீண்டும் மறைந்தது. இடைக்கச்சின் கிழக்குக் கோடி மீனிலிருந்து வடகிழக்கே இரண்டரைப் பாகை தள்ளி அவ்விடம் இருக்கிறது. வேடனின் வாளையும் கச்சையையும் ஒருசேரப் படமெடுப்பதற்கு 135 மில்லிமீட்டர் வில்லையைச் சற்றுக் கிழக்கே சாய்த்து வைப்போரின் சட்டத்துக்குள் அதுவும் அடங்கும்.